புது கேன்

2008 ஜூலை 12, சனி

இன்றும் மின்வெட்டு, பத்து முதல் பன்னிரண்டு வரை. லேபில் ட்யூப்லைட் அணைந்ததும் என் பாசிக் குடுவைகள் பதினாறும் இருட்டில் நின்றன. காற்று ஊதும் பம்பும் நின்றது. பாசி அடியில் படிந்துவிடாமல் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு குடுவையாக எடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன். எம்.எஸ்ஸி.யில் மெடல் வாங்கியவள் பார்க்கிற வேலை!

சரளா மேடம் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "பெட்ரோல் விலை எங்கேயோ போகுது. உலகமே பாசியில எண்ணெய் தேடுது. நம்ம குடுவையில மட்டும் ஒண்ணும் வரமாட்டேங்குதே இஃப்ரா."

வராமல் இல்லை. கோவளம் கடல் நீரிலிருந்து நான் பிரித்து வளர்க்கும் நுண்பாசி ஹைட்ரோகார்பன் தயாரிக்கத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. மெஷினுக்கு மட்டும் தெரியும். இதைக் காட்டினால் செப்டம்பர் கடைசியில் வரும் ரிவ்யூ கமிட்டி மூன்றாம் வருஷத்துக்கு அனுமதி தராது. ப்ராஜெக்ட் போனால் என் பி.எச்டி.யும் போகும்.

திரும்பும்போது பொத்தேரி ஸ்டேஷனில் மோகன்ராஜ். எங்கள் சாம்பிள்களை, எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜி.சி. மெஷினில் ஓட்டித் தருகிற சீனியர். பேச்சுவாக்கில், "உங்க அப்பா என்ன பண்றார்?" என்றார். "ஆட்டோமொபைல் பிசினஸ்" என்றேன்.

பொய்யில்லையே? மேற்குத் தாம்பரத்தில் ஒற்றை ஷட்டர் கடை. அத்தா லாரி, ஜெனரேட்டர், படகு எல்லாவற்றின் டீசல் பம்புகளையும் பிரித்து மாட்டுகிறார். ஆட்டோமொபைல்தான். பிசினஸ்தான்.

ஜூலை 20, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கோபு அண்ணா போன். கோவளத்தில் எங்களுக்காகப் படகு ஓட்டுபவர். "இஃப்ராம்மா, கரையாண்ட தண்ணி பச்சையா கீது. இன்னிக்கே வந்துடு. நாளிக்கு இருக்குமோ இன்னாவோ."

பாசிப் பெருக்கம்! ஒன்றரை வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் கண்ணாடிப் பாட்டில்கள் லேபில். ஞாயிற்றுக்கிழமை, லேப் பூட்டு. பொத்தேரி போய் வாட்ச்மேனைத் தேடிச் சாவி வாங்கி அப்புறம் கோவளம் என்றால் மதியம் ஆகிவிடும். நான் தவித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அத்தா எழுந்து போனார். கடையிலிருந்து இருபது லிட்டர் வெள்ளை கேன் ஒன்றைக் கொண்டுவந்தார். சோப்புத்தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூன்று தடவை குலுக்கிக் கழுவினார். வாயில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கும்மா" என்றார். நானும் முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை.

கேனின் வயிற்றில் நீலப் பெயின்ட்டில் அத்தாவின் கையெழுத்து: பாட்சா டீசல் ஒர்க்ஸ், மே. தாம்பரம். கேளம்பாக்கம் பஸ்ஸில் அந்தப் பக்கத்தை என் காலோடு ஒட்டித் திருப்பி வைத்துக்கொண்டேன்.

கடல் கீரை கடைந்து ஊற்றியதுபோல இருந்தது. கோபு அண்ணா கேனை முக்கி நிரப்பித் தூக்கும்போது பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "நம்ம மாதிரி போட்டுக்கு பம்பு பாக்குற கடையா? ஒனுக்குத் தெரிஞ்சவங்களா?" "தெரிஞ்சவங்க" என்றேன்.

தெரிஞ்சவங்க!

ஜூலை 21, திங்கள்

இந்தத் தண்ணீரைப் பாசி வளர்க்க விதைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். விதைக்குக் கேன் எதுவானாலும் பரவாயில்லை, எண்ணெய் அளக்கத்தான் கண்ணாடி வேண்டும். மேடம் பச்சையைப் பார்த்ததும், "பாதியை நேரா வடிகட்டு. காய வச்சு எண்ணெய் எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

பதிவேட்டில் 'கலன்' என்று ஒரு கட்டம் உண்டு. முந்தைய வரிகளில் எல்லாம் 'கண்ணாடி, ஹெக்சேனில் கழுவியது' என்று என் கையெழுத்தே இருக்கிறது. மேடம் தோளுக்குப் பின்னால் நின்றார். டீசல் கடை கேன் என்று எழுதப் பேனா நகரவில்லை. 'புது கேன்' என்று எழுதினேன். காலிக் கேனை ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மோகன்ராஜ் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். "இது பாசியா, பெட்ரோல் பங்க்கா?"

வரிசையாகப் பீக்குகள், ஊசி ஊசியாக. வழக்கமாக இரண்டு சின்னப் பொட்டுகள் தெரிகிற இடத்தில் ஒரு சீப்பின் பற்கள் மாதிரி பதினைந்துக்கு மேல். அளவு முன்பைவிட இருபது மடங்கு. மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பேக்கரியிலிருந்து பஃப்ஸ் வந்தது. மேடம் கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் எழுத உட்கார்ந்துவிட்டார், முதல் பெயராக என் பெயரைப் போட்டு.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பஃப்ஸை முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்த அத்தா முகத்தில் அத்தனை வெளிச்சம். பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். "எம் பொண்ணு கடல்ல டீசல் கண்டுபிடிச்சிருக்குன்னு சொன்னேன். இனிமே பம்பு ரிப்பேருக்குக் கடலுக்குள்ளதான் கடை போடணும்கிறாங்க." அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

"டீசல் இல்லத்தா, ஹைட்ரோகார்பன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

எழுந்து உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

போன வாரம் மறுபடி கோவளம் போய் அதே இடத்தில் தண்ணீர் எடுத்தோம். இந்த முறை கண்ணாடிப் பாட்டில். இன்று சார்ட் வந்தது. இரண்டே இரண்டு சின்னப் பீக். பதினைந்து கார்பன், பதினேழு கார்பன். அவ்வளவுதான்.

மோகன்ராஜ் பழைய சார்ட்டையும் புதியதையும் மேஜையில் அருகருகே விரித்தார். சிரிப்பு இல்லை. "மேடம், உயிருள்ளது பண்ற ஹைட்ரோகார்பன்ல பெரும்பாலும் ஒற்றைப்படை எண்தான் தூக்கலா இருக்கும். பதினஞ்சு, பதினேழு. இங்க பாருங்க, பழைய சார்ட்டுல பத்துலேர்ந்து இருபத்தஞ்சு வரைக்கும் ஒண்ணு விடாம இருக்கு. பதினேழு பக்கத்துல ஒட்டிக்கிட்டு ஒரு குட்டி, பதினெட்டு பக்கத்துல ஒரு குட்டி. இந்த ரெண்டு குட்டியும் பூமிக்கு அடியிலேர்ந்து வர்ற எண்ணெயோட கைரேகை. இது பாசி இல்ல. டீசல்."

எனக்குத் தெரியும். அந்தக் குட்டிகளை முதல் நாளே பார்த்தேன். படித்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

மேடம் முகம் சுண்டிப்போயிற்று. கட்டுரைச் சுருக்கம் அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது. பதிவேட்டைத் திறந்து விரலை வைத்துப் படித்தார். "புது கேன்னு போட்டிருக்கு. அப்போ கேன்ல பிரச்சினை இல்ல. படகுலேர்ந்து டீசல் ஒழுகியிருக்குமா இஃப்ரா?"

"இருக்கலாம் மேடம்" என்றேன்.

இருக்கலாம். இருந்தது என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எவ்வளவு சுத்தமான வார்த்தை! பொய் என்று யாரும் விரல் நீட்ட முடியாது.

ஆகஸ்ட் 30, சனி

மேடம் கோபு அண்ணாவை போனில் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசிவிட்டாராம். அவர் படகில் சாம்பிள் எடுக்கிற மற்ற மூன்று கல்லூரிகளுக்கும் 'எண்ணெய்க் கசிவு உள்ள படகு, தவிர்க்கவும்' என்று மெயில் போட்டிருக்கிறார். எனக்கும் ஒரு நகல் வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

முதல் நோன்பு. திறக்கும் நேரம் அம்மா தட்டில் பேரீச்சம்பழம் வைத்தாள். நான் இரண்டு எடுத்தேன். "ஒத்தைப்படையா எடு, இஃப்ரா" என்று மூன்றாவதைக் கையில் திணித்தாள். எல்லா வருஷமும் சொல்வதுதான். இன்று மோகன்ராஜ் சொன்ன பதினஞ்சும் பதினேழும் காதில் கேட்டன. தண்ணீர் குடித்து இறக்கினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

சோதித்துவிட்டேன். அத்தா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கேனுக்குள், எண்ணெயைக் கரைத்தெடுக்கிற ஹெக்சேன் கொஞ்சம் ஊற்றி அலசி, ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு போனேன். குப்பி மேல் பெயர் போடாமல் 'X' என்று மட்டும் எழுதி மோகன்ராஜிடம் கொடுத்தேன்.

அதே சீப்பு. அதே இரண்டு குட்டிகள்.

கேன் சுவருக்குள் ஊறிப்போன டீசல் சோப்புக்கா போகும்? அத்தாவின் மூக்கு முப்பது வருஷம் டீசலில் ஊறியது. என் மூக்கு? அவர் சட்டையை முகர்ந்துகொண்டு தூங்கிய பிள்ளை நான். எங்களுக்கு அது வாடையே இல்லை, வீட்டு வாசனை. வேறு யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் மூடியைத் திறந்ததுமே மூக்கைப் பொத்தியிருப்பாள்.

அன்று தெரியாமல் செய்தேன், சரி. இன்று தெரியுமே. மோகன்ராஜ், "இது என்ன சாம்பிள்?" என்றபோது, "சும்மா, ஒரு செக்" என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கோபு அண்ணா மூன்று முறை போன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து முடிந்ததும் அத்தா சொன்னார்: "இன்னிக்குக் கோவளத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரும்மா. போட் இன்ஜின் பம்பைக் கழட்டி, சாக்குல சுத்தி, பஸ்ல தூக்கிட்டு வந்திருக்காரு."

நான் தலை தூக்கவில்லை.

"எங்கியோ ஒழுகுதாம், எங்கன்னு தெரியலையாம். ரெண்டு நாள் கடலுக்குப் போகாம இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுப் பாத்தாராம். நானும் டெஸ்ட் பெஞ்ச்ல மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு சொட்டு ஒழுகல. இவ்ளோ நல்லா வச்சிருக்கற பம்பை நான் பாத்ததே இல்ல. யாருய்யா ஒழுகுதுன்னு சொன்னதுன்னு கேட்டேன். காலேஜ்ல சொல்லிட்டாங்க பாய், எவனும் என் படகுல ஏற மாட்டேங்குறான், கரையில கிண்டல் பண்றானுங்கன்னாரு. எப்படிய்யா நம்ம கடைக்கு வந்தேன்னு கேட்டேன்."

அத்தா நிறுத்திவிட்டார். அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"உங்க கடை கேன்லதான் பாய் அந்தப் பொண்ணு தண்ணி எடுத்துச்சு, அதுல பேரு பாத்தேன்னாரு."

பிறகு, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நான் சரியாக் கழுவலையாம்மா?"

அல்லா! திட்டியிருக்கலாமே. ஏன் பொய் சொன்னேன்னு கேட்டிருக்கலாமே. அவர் தப்புன்னு நெனச்சுக்கிட்டாரே. நான் வாயைத் திறந்து, "நீங்க நல்லாத்தான் கழுவினீங்கத்தா, பிளாஸ்டிக்ல ஊறிப்போச்சு" என்றேன். "அப்போ அதைக் காலேஜ்ல சொல்லிட்டியாம்மா?"

"இல்ல."

"ஏன்?"

பதில் என்னிடம் இருந்தது. நீலப் பெயின்ட்டில் எழுதிய பெயர் ஒன்றுதான் பதில். அதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. ஆனால் அவர் புரிந்துகொண்டார். தன் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு தொழ எழுந்து போனார்.

இருபத்தஞ்சு வயசு. வெக்கமா இல்ல உனக்கு? அந்தச் சட்டைதான உனக்கு ஃபீஸ் கட்டுச்சு.

செப்டம்பர் 15, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் மேடம் அறையில், மோகன்ராஜும் இருக்கும்போதே. பதிவேட்டைத் திறந்து 'புது கேன்' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் எழுதினேன்: 'டீசல் வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் கேன். பாட்சா டீசல் ஒர்க்ஸ், மேற்குத் தாம்பரம்.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

மேடம் படித்துவிட்டு, "யாரு இந்த பாட்சா?" என்றார்.

"எங்க அத்தா. டீசல் பம்ப் மெக்கானிக்."

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கேன் தப்பு யாருக்கும் நடக்கும். போன மாசம் நான் படகான்னு கேட்டேனே, அப்போ இருக்கலாம்னு சொன்னியே. அந்த ஆளைப் போன்ல என்னெல்லாம் பேசிட்டேன் தெரியுமா? என்னை ஏன் அதைப் பேச வச்சே?"

மோகன்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். X என்ன என்பது அவருக்கு இப்போது தெரிந்திருக்கும்.

கட்டுரைச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றாயிற்று. மூன்று கல்லூரிகளுக்கும் நானே கடிதம் எழுதினேன். படகில் கசிவு இல்லை, தவறு என்னுடையது என்று. கமிட்டிக்கு உண்மையான சார்ட் போகும். இனி சாம்பிள் எடுப்பதும் பதிவேடு எழுதுவதும் என் பொறுப்பில் இல்லை, குடுவை பார்த்துக்கொண்டால் போதும் என்று மேடம் சொல்லிவிட்டார். நியாயம்தான். ஆனாலும் பாத்ரூமில் போய் அழுதேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தனியாகப் போகிறேன் என்று சொல்லியும் அத்தா கேட்கவில்லை. பம்பைத் திருப்பித் தரணும் என்றார். ஒரு கையில் பம்பு, மறு கையில் அந்தக் கேன். எதற்கு என்று கேட்கப் பயந்துகொண்டு பஸ் ஏறினேன்.

கோவளத்தில் மீன் ஏலம் முடிந்து, கோபு அண்ணாவின் மனைவி அஞ்சம்மாள் அக்கா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீரை விசிறி ஊற்றினார், என் காலடிக்கு ஒரு சாண் தள்ளி.

"வந்துட்டியா? ஒரு வாரமா எங்க வூட்டுக்காரரு சோறு துன்னல தெரியுமா? ஒழுகுற போட்டு ஒழுகுற போட்டுன்னு கரையில கூப்ட்டுகினு திரிஞ்சானுங்க. போனு பண்ணா எடுக்கக்கூட மாட்ட. படிச்சவதான நீ?"

"தப்பு என்மேலதான்க்கா. கேன்தான் தப்பு. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

"அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

கோபு அண்ணா படகில் வலை உதறிக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை. நான் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்க நேரமாகும் என்பதால் அங்கே நின்றே வாசித்தேன், மற்ற படகுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி. அந்தக் கேன் எங்க அத்தா கடையுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, மன்னிப்பு என்றோ பரவாயில்லை என்றோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. "தெரிஞ்சவங்கன்னு சொன்னியேம்மா. பெத்த அப்பனையா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தா அப்போது படகுக்குள் குனிந்து பம்பை மாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை. மாட்டி முடித்ததும் கேனைத் தூக்கி இன்ஜின் பக்கத்தில் வைத்தார். "இது உங்களுக்குத்தான். டீசல் கேன்ல டீசல்தான் ஊத்தணும்."

அக்டோபர் 2, வியாழன்

பெருநாள். அத்தாவுக்குப் புதுச் சட்டை. தொழுதுவிட்டு வந்து கட்டிப்பிடித்து முபாரக் சொன்னபோது வெறும் துணி வாசனை. எனக்கு என்னவோ போல இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

கமிட்டி பதில் வந்துவிட்டது. ஆறு மாதம் மட்டும் நீட்டிப்பு. 'அளவு மிகக் குறைவு, ஆனால் நம்பத்தக்கது' என்று ஒரு வரி. மேடம் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு ஃபைலை மூடினார். சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

2009 ஜனவரி 24, சனி

கோவளம். மழைக்காலத்துக்குப் பிறகு முதல் சாம்பிள். எடுக்கும் பொறுப்பு புதிதாகச் சேர்ந்திருக்கும் நிஷாவுடையது. நான் பாட்டில் தூக்கப் போனேன். கோபு அண்ணா படகுதான். அவர் வரச் சம்மதித்ததே மேடம் நேரில் போய்ப் பேசிய பிறகு.

ஏறுவதற்கு முன் கையை நீட்டி மறித்தார். பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னார். என்னிடம் தந்துவிடுவாரோ என்று பார்த்தேன். நிஷாவிடம் நீட்டினார். "நீ மோந்து பாரும்மா. எங்க ரெண்டு பேரு மூக்கும் இதுக்கு ஆவாது." நிஷா ஆறு பாட்டில்களையும் முகர்ந்து பார்த்து, "ஒண்ணும் இல்லண்ணா" என்றாள். அப்புறம்தான் ஏறவிட்டார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் 'எங்க ரெண்டு பேரு' என்றாரே.

இன்ஜின் பக்கத்தில் அந்தக் கேன் இருந்தது, பாதி டீசலோடு. உப்புக் காற்றிலும் நீலப் பெயின்ட் கொஞ்சம்கூட உரியவில்லை. பாட்டில் பெட்டியை அதற்கு எதிர் முனையில் வைக்கச் சொன்னார் கோபு அண்ணா. நிஷா வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைப் படித்தாள். "பாட்சா டீசல் ஒர்க்ஸ், தாம்பரமா? யாரு கடை அக்கா?"

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை. கோபு அண்ணா என்னைப் பார்ப்பது தெரிந்தது. அவர் இன்ஜினைக் கிளப்புகிறவரைக்கும் எனக்கு வாய் வரவில்லை. கிளம்பிய பிறகுதான், "எங்க அத்தா கடை" என்றேன்.

இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்று காதில் கை வைத்தாள்.

இரண்டாவது தடவை கத்திச் சொன்னேன்.